நுரை வராத புதன்கிழமை

ஜூன் 8, ஞாயிறு

முடி வெட்டப் போனேன். இசக்கியப்பன் பின்பக்கம் கண்ணாடியைப் பிடித்து, "அண்ணாச்சி, உச்சியில வெளிச்சம் அடிக்கி, பாத்தீயளா?" என்றான். பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். "எல்லாம் உப்புத்தண்ணி பண்ணுத வேலை. தலைக்காவது நல்லதண்ணி ஊத்துங்க" என்று வைத்தியமும் சொன்னான்.

சுலபமாகச் சொல்லிவிட்டான். எங்கள் தெருவில் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது போர் தண்ணீர், ஒரே உப்பு. வாளியெல்லாம் வெள்ளைப் படிவு. ஹீட்டர் கம்பி சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டால் குக்கர்தான் கத்தும், பருப்பு அப்படியே கிடக்கும். நல்லதண்ணீர் தெருக்குழாயில் ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும். பிடித்து மாடிப்படிக்குக் கீழே டிரம்மில் வைத்துக்கொள்வோம். நீல டிரம் எங்களுடையது, கறுப்பு டிரம் மாடி வீட்டு ராமலட்சுமியுடையது. குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் மட்டும்தான் அது. அதில் நான் தலைக்குக் குளித்தால் என் மனைவி முத்துசெல்வி என்ன செய்வாள்? யோசிக்கவே வேண்டாம்.

ஜூன் 9, திங்கள்

விடிகாலை ஐந்து மணி. அவள் எழுவதற்குள் நீல டிரம்மிலிருந்து அரை வாளி.

அடடா, என்ன நுரை. காதிலும் மூக்கிலும் நுரை. ஷாம்பு கவரில் போட்டிருக்கும் படத்தை நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக நம்பினேன்.

ஜூன் 11, புதன்

சீப்பில் நாலே முடி. அரை வாளி போதவில்லை, இப்போது முழு வாளி.

ஜூன் 12, வியாழன்

வசமாக மாட்டிக்கொண்டேன். இல்லை, நான் மாட்டவில்லை. அதுதான் சிக்கல்.

டிரம்மில் அடி தெரிகிறது. தண்ணீர் வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. "ராத்திரியே கேட்டைப் பூட்டிருதோம். வெளியாளு வர வழியில்ல. இருக்குறது ரெண்டே வீடு" என்றாள் முத்துசெல்வி. நான் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ராமலட்சுமி வீட்டிலேயே துணி தைக்கிறாள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். இடுப்பு வரைக்கும் முடி, எப்போதும் பளபளவென்று இருக்கும். அந்த முடிதான் இப்போது அவளுக்கு எதிரான சாட்சி. போன வருஷம் முத்துசெல்விக்கு ஆபரேஷன் ஆனபோது இருபது நாள் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவள் அவள். அவளையா?

"அப்படியெல்லாம் இருக்காதுட்டி" என்று மட்டும் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

தண்ணீர் வந்தது. கூடவே வினையும். குழாயடியில் தெருவே நிற்கும்போது முத்துசெல்வி குடத்தைக் கழுவிக்கொண்டே, "சில பேருக்குத் தலை மட்டும் எப்படித்தான் மினுமினுன்னு இருக்கோ. நம்ம டிரம்முதான் காலியாவுது" என்றாள்.

ராமலட்சுமி அவளையே பார்த்தாள். "மதினி, என்னையவா சொல்லுதீய?" என்று கேட்டாள். இவள் குடத்தைத் திருப்பிப் பிடித்து அடியைக் கழுவினாள். அவள் பாதிக் குடத்தோடு மாடிக்குப் போய்விட்டாள். நான் மீதிக் குடங்களை நிரப்பிக்கொண்டு நின்றேன், உலகத்திலேயே நல்லவன் மாதிரி.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டு உரிமையாளர் சங்கரபாண்டியன் தெருமுனையில் பிடித்துக்கொண்டார். மாடி வீடு மாசக் கடைசியில் காலியாகிறதாம். வேறு ஆள் பார்க்கச் சொல்லி நாலு பேரிடம் சொல்லியும் விட்டாராம். "என்னய்யா பிரச்சினை? தங்கமான பிள்ளையாச்சே" என்றார்.

சொல்லிவிட வேண்டியதுதான். என்னவென்று சொல்வது? தீப்பெட்டி ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்க்கிறவன், தன் வீட்டு டிரம்மிலேயே முடிக்காகத் தண்ணீர் திருடினான் என்றா? நாளைக்குச் சொல்கிறேன். நாளைக் காலை மட்டும் கடைசியாக ஒரு குளியல்.

ஜூன் 18, புதன்

நுரை வரவில்லை.

இன்னொரு கவரைப் பிரித்தேன். அப்போதும் வரவில்லை. தலையில் ஏதோ கோந்து மாதிரி அப்பிக்கொண்டது. மேலே ஊற்ற ஊற்ற இன்னும் பிசுக்கு. நீல டிரம்மில் இருந்தது உப்புத்தண்ணீர். யாரிடம் போய்க் கேட்பது, "ஏன் இன்றைக்கு நுரை வரவில்லை" என்று?

முடியைச் சீவ முடியாமல் ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் சோறு போடும்போது முத்துசெல்வி என் தலையைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லதண்ணிய அடுப்படிக்கு மாத்திட்டு டிரம்முல போர் தண்ணிய ஊத்தி வச்சேன். அவ தலை பிசுக்குன்னு ஆவும், அப்ப கேப்போம்னு பாத்தேன்" என்றாள். குரல் ஏறவில்லை. என் முடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "நீங்களா?" என்றாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாள். "இருபது நாளு எனக்குக் கஞ்சி ஊத்துனவளை இத்தனை பேரு முன்னால சொல்லிட்டேனே." மூன்று நாளாக வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன் நான்? வெட்கமாக இருக்கிறது. முடி போனால் என்ன, மயிரே போச்சு என்று இருந்திருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

மாடிக்குப் போனேன். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள் ராமலட்சுமி. எல்லாவற்றையும் சொன்னேன், வாளிக் கணக்கு உட்பட. சிரிப்பாள் என்று ஓரமாக ஒரு ஆசை இருந்தது. சிரிக்கவில்லை.

"தண்ணி போனா போவுது அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க அங்கனதான நின்னிய? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

வீட்டைக் காலி செய்யாதே என்றேன். "பாப்போம்" என்றாள்.

நான் இறங்கியதும் முத்துசெல்வி ஏறினாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "நம்ம கையில என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் பருப்பை ஊறப்போட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

மாடியிலிருந்து பேச்சில்லை. மிஷின் சத்தம் மட்டும் கேட்கிறது. சாயங்காலம் ராமலட்சுமி ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். சாமான் கட்டவா?

ஜூன் 24, செவ்வாய்

தண்ணீர் வந்தது. யாரும் சொல்லாமலே முதலில் கறுப்பு டிரம்மை நிரப்பினேன். பிறகு அவளுடைய குடங்களைப் படியேற்ற ஆரம்பித்தேன். நாலாவது குடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ராமலட்சுமி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம்" என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து கேட்டைத் திறந்துகொண்டு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். கயத்தாறிலிருந்து வருகிறார்களாம், சங்கரபாண்டியன் மாடி வீட்டைப் பார்க்கச் சொன்னாராம். முத்துசெல்வி குழாயடியிலேயே சிலையாகிவிட்டாள். நான் குடத்தோடு பாதிப் படியில்.

அந்தப் பெண் மேலே பார்த்து, "வீடு இருக்கட்டும்க்கா, தண்ணி எப்படி?" என்று கேட்டாள்.

"தண்ணியா? அத ஏன் கேக்குதீய" என்றாள் ராமலட்சுமி. "அந்தா குடத்தோட நிக்காவல்லா, அந்த அண்ணாச்சி தலையப் பாருங்க. பாத்துட்டு வேற வீடு பாருங்க. நாங்க காலி பண்ணல."

நான் குடத்தைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று தலையைக் குனிந்தேன்.