உள்காட்டில் கேட்ட விசில்

மார்ச் 3
உள்காட்டுக்குள் ஆராய்ச்சிக்காரர்களைத் தவிர யாருக்கும் அனுமதி கிடையாது. அதன் ஒரே கேட்டுக்கு என் கணவர்தான் காவல். அங்கே விடியலில் மட்டும் ஓடும் கருவி பதியும் பறவைச் சத்தங்களை, கேட்டுக்குள் நுழைந்ததும் இருக்கும் அலுவலகத்தில் கேட்டுக் குறிப்பது என் வேலை. இன்று அதில் ஒரு விசில். மூன்று சின்னது, ஒரு நீளம். தெருமுனையிலிருந்து இவர் என்னைக் கூப்பிடும் அதே விசில்! கேட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் இவருக்கு என்ன வேலை?

மார்ச் 4
"உள்ளே போனீங்களா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.
"என் வேலை போகணும்னு உனக்கு அவ்வளவு ஆசையா?" என்று சிரித்தார்.
இல்லை என்று சொன்னால் போதாதா? சிரிப்பு எதற்கு?

மார்ச் 9
மறுபடியும் விசில். ஆனால் அந்த விடியலில் இவர் என் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலை சுற்றுகிறது.

மார்ச் 10
ஆராய்ச்சி அக்காவிடம் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். எந்தச் சத்தத்தையும் அப்படியே திருப்பிச் சொல்லும் கருப்புக் குருவியாம். வீட்டில் இவர், "குருவி மேல கேஸ் போடலாமா?" என்று ராத்திரி வரை ஓட்டினார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

மார்ச் 12
டீ குடிக்கும்போது அக்கா சொன்னார்: "அந்தக் குருவி கூட்டை விட்டு வந்த நாள்லேருந்து நம்ம கருவி இருக்கிற ஓடைப் பக்கம்தான். வேற எங்கேயும் போகாது. திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் ஒரு சத்தம் அதுக்குப் படியும்."
அப்படியென்றால் இவர் அங்கே போய்த் திரும்பத் திரும்ப விசிலடித்திருக்கிறார். யாரைக் கூப்பிட?

மார்ச் 15
அந்தக் குருவியின் பழைய பதிவுகளையெல்லாம் கேட்டேன். விசிலுக்குப் பிறகு ஒரு கரகரப்பு வருகிறது. தொண்டைச் சத்தம் என்று விட்டிருந்தேன். பாவி, மரப்பட்டறைக்காரர் மகள் நான்! அது ரம்பம்.

மார்ச் 16
நேராகவே கேட்டேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.
"சாயங்காலம் நான் விசிலடிச்சா ஆளுங்க வருவாங்க. விழுந்த மரம்தான்டி. சும்மா மக்கிப் போறதுதானே."
"விழுந்ததும் அங்கேயே மக்கணும், ஒரு சுள்ளி வெளிய வரக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"
எல்லாம் விழுந்த மரம்தான் என்று எப்படி நம்புவது? இனி இவர் சொல்லும் எதை நம்புவது?

மார்ச் 17
அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2
கேட்டில் புது ஆள். என் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.
இவர் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மாமியார் போனில் கத்தினார்: "ஒரு குருவி பேச்சைக் கேட்டுக் கட்டின புருஷனைக் காட்டிக் குடுத்துட்டியே!"
"அது உங்க புள்ள பேச்சைத்தான் அத்தை பேசிச்சு" என்றேன்.
போனை வைத்துவிட்டார்.