பி பக்கத்தின் கடைசிப் பதினைந்து விநாடி

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று லிஃப்ட். ஒன்றில் கதவு ரோலர் தேய்ந்துபோயிருந்தது. இரண்டாவதில் ஒரு பழுதும் இல்லை; நாலாவது மாடிக்காரர் பொத்தானை முழங்கையால் குத்துகிறார், அவ்வளவுதான். மூன்றாவதில் மோட்டார் அறைக்குப் போகும் ஏணியில் நின்றபடியே "பேரிங்" என்று சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளர் பிரித்துப் பார்த்துவிட்டு, "யோவ், உன் காதை இன்ஷூர் பண்ணி வைய்யா" என்றார்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி, மனைவியைப் பார்க்க. அவளுக்குப் பேச்சு போய் பன்னிரண்டு நாள். வலது கையும் போய்விட்டது. இடது கை மட்டும் போர்வையைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "தலையில இருக்கற கட்டி பரவிடுச்சு. இனிமே வலி தெரியாம பாத்துக்கறதுதான்" என்றார். எத்தனை மாதம் என்று கேட்டேன். "வாரக் கணக்குங்க."

மாதம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு போனது எவ்வளவு அசட்டுத்தனம்.

மார்ச் 5, வியாழன்

வீட்டில் ஆள் இல்லை. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வைக்கலாம். இருபத்திரண்டு வருடமாக இதற்குத்தானே ஆசைப்பட்டாய், வையேன்! வைத்தேன். ஒரு நிமிடம் தாங்கவில்லை, நிறுத்திவிட்டேன்.

அறுநூற்றுப் பதினான்கு இசைத்தட்டுகள். எல்லாம் நாய்ஸ்கோர் என்கிற வகை. "இது பாட்டா?" என்று கேட்பவர்களிடம் இல்லை என்றே சொல்லிவிடுவேன். டிரம், கிட்டார், தொண்டை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரளும் இரைச்சல். ஏழு அங்குலத் தட்டில் ஐம்பத்து மூன்று பாடல், மொத்தமே ஒன்பது நிமிடம். சில பாடல்களைவிட அவற்றின் தலைப்பு நீளம். முதல் தடவை கேட்டால் சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். இருபதாவது தடவையில்தான் சுவருக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியும். டிரம்காரன் மூச்சு வாங்குவான். யாரோ தொடங்குவதற்கு முன்னால் இருமுவான்.

பகலெல்லாம் சத்தத்தில் பழுது தேடுகிற எனக்கு இதுதான் ஓய்வு. இதில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை, எல்லாமே பழுது.

தட்டைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைப்பேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்கு என் கையைப் பிடிக்கறப்பகூட நீங்க இப்படிக் கழுவலைங்க."

மார்ச் 7, சனி

அந்த ஒரு தட்டைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை. எழுதத் தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகிறது.

கல்யாணமான முதல் வருடம் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. நான் வெளியூரில் வேலையாக இருந்தேன். திரும்பி வந்தபோது பார்சல் மேசைமேல் இருந்தது. பிரித்து, கோணல்மாணலாகத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். சுங்கத்துக்காரர்கள் வேலை. அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் நூற்றைம்பது பிரதிகள்தான் அடித்தார்களாம். ஜெராக்ஸ் உறை. பின்பக்கம் இரண்டே வரி: "டிரம் — ஒருவன். மற்றதெல்லாம் — இன்னொருவன்." பெயர்கூடப் போடவில்லை.

பி பக்கத்தின் கடைசியில் இரைச்சல் சட்டென்று நிற்கும். ஆம்ப்ளிஃபயரின் முனகல் மட்டும் பதினைந்து விநாடி. அந்த முனகலுக்குள் ஒரு 'டொக்'. பிறகு இன்னொன்று. ஒரே சீராகப் பதினொன்று. எல்லாம் இடிந்து விழுந்தபிறகு, உள்ளே உயிரோடு இருக்கிறவன் சுவரைத் தட்டுகிற மாதிரி. முதல் தடவை கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: அப்பா செத்தபோதும், எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று ஆனபோதும் என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பதினொன்றுதான்.

தட்டு சேர்க்கும் எங்கள் கூட்டத்தின் ஜெராக்ஸ் பத்திரிகையில் அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். அதிலிருந்து எனக்குப் 'பதினொன்று' என்றே பட்டப்பெயர். யாரிடமும் அந்தத் தட்டு இல்லாததால் என் தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து எல்லோருக்கும் கொடுத்தேன். அவர்களும் கேட்டு உருகினார்கள்.

அவளுக்கு என் தட்டுகள் எதுவுமே ஆகாது. "வாஷிங் மெஷின் ஓடுதா, உங்க பாட்டு ஓடுதா?" என்பாள். ஆனால் இந்த இடம் வரும்போது மட்டும் அடுக்களையிலிருந்து வந்து வாசற்படியில் நிற்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். முடிந்ததும் போய்விடுவாள்.

மார்ச் 8, ஞாயிறு

அந்த இடத்தை போனில் பதிந்து எடுத்துப்போனேன். இயர்போனில் ஒன்று அவள் காதில், ஒன்று என் காதில். இரைச்சல் ஓடும்போது வழக்கம்போல் முகத்தைச் சுளித்தாள். அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது, பழைய ஆள் உள்ளே இருக்கிறாள் என்று.

முதல் 'டொக்' கேட்டதும் கண்ணைத் திறந்தாள். இடது கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தாள். நெஞ்சுவலி என்று நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே, நல்லாத்தானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 11, புதன்

இன்றும் அதே மாதிரி. நெஞ்சில் கை.

மார்ச் 12, வியாழன்

கண்ணாடிக்காரன் வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். தட்டு சேர்ப்பதில் என்னைவிட மூத்த பைத்தியம். அந்தத் தட்டில் வாசித்த இருவரில் டிரம்காரனின் மெயில் விலாசத்தை எங்கிருந்தோ பிடித்துக் கொடுத்தான். என் தட்டு தேய்ந்துவிட்டது. அவளுக்கு அந்தப் பதினொன்றையும் ஒருமுறை சுத்தமாகக் கேட்க வைக்க வேண்டும். அரைகுறை ஆங்கிலத்தில் எழுதினேன்: என் மனைவிக்கு அதிக நாள் இல்லை, அந்தத் தட்டல் அவளுக்குப் பிடிக்கும், உங்களிடம் ஒரு பிரதி மிச்சம் இருக்குமா.

மார்ச் 14, சனி

பதில் வந்துவிட்டது! அவர் இப்போது கால்நடை டாக்டராம். ஒரு பிரதி பிரிக்காமல் இருக்கிறதாம், உடனே அனுப்புகிறாராம். "நீங்கள் சொல்லும் தட்டல் எது என்று புரியவில்லை. கடைசியில் ஆம்பை அணைக்க மறந்துவிட்டோம், அவ்வளவுதான்" என்றும் எழுதியிருக்கிறார்.

மனுஷன் மறந்துவிட்டார். எத்தனை வருடம் ஆயிற்று, பாவம்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று விரலால் நெஞ்சில் குத்தினாள். பிறகு போனைக் காட்டினாள். மறுபடி நெஞ்சு. என்னையே பார்த்தாள். "எனக்கும் அங்கதாம்மா படுது" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் கையைப் படுக்கையில் ஓங்கி அடித்தாள். கண்ணில் நீர். இவ்வளவு வருடம் ஒன்றுமே சொல்லாமல் வாசற்படியில் நின்றுவிட்டுப் போனவளுக்கு அது இவ்வளவு ஆழமாகப் பட்டிருக்கிறதே!

"புதுத் தட்டு வருது. சுத்தமாக் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

பார்சல் வந்தது. கை கழுவினேன். பி பக்கம் போட்டேன்.

இல்லை.

முனகல் மட்டும். பதினைந்து விநாடி முனகல், அப்புறம் ஊசி தூக்கிக்கொள்கிறது. ஆறு தடவை போட்டேன். இல்லை.

மார்ச் 25, புதன்

கண்ணாடிக்காரன் கடை லென்ஸைக் கொண்டுவந்தான். என் பழைய தட்டை விளக்கடியில் வைத்து ரொம்ப நேரம் குனிந்திருந்தான். நிமிரும்போது முகத்தில் ஈயாடவில்லை.

"டேய்... இது கீறல்டா."

மயிரிழை போல் ஒரு கோடு. கடைசிப் பதினொரு சுற்றையும் குறுக்கே வெட்டிப் போகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு 'டொக்'. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. கணக்குப் போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கணக்கு தெரியாத ஆளா நான்? ஏணியில் நின்றே பேரிங் என்று சொல்கிறவன்! அந்தக் கோட்டை நான் பார்க்காமலும் இல்லை. மலிவு அச்சு, எல்லாத் தட்டிலும் ஏதாவது கோடு இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"யாருக்கும் சொல்லவேண்டாம்" என்றான் அவன். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மார்ச் 26, வியாழன்

போகவில்லை. மச்சினிக்கு போன் செய்து, வேலை இருக்கிறது, நீ அக்காவோடு இரு என்றேன். வேலை இல்லை. லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படிப் போவேன்? போனால் கையை நெஞ்சில் வைப்பாள். "அது ஒண்ணுமில்லம்மா, எவனோ சுங்கத்துல கைநழுவிக் கீறினது. அதைத்தான் நான் சாமி மாதிரி வச்சிருந்தேன்"னு சொல்லவா? சாகக் கிடக்கறவகிட்ட? மூணு பக்கம் எழுதினேனே. எத்தனை பேர் முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாத் தட்டையும் எடுத்துத் தெருவில் போட்டுவிடலாம் போலிருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

இன்றும் போகவில்லை.

மார்ச் 28, சனி

காலையில் மச்சினி நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "போனை எடுக்க மாட்டீங்களா மாமா? நேத்து சாயங்காலத்துலேருந்து அக்காவுக்கு நினைவே இல்ல. நாலு மணியிலேருந்து கதவையே பாத்துக்கிட்டிருந்தா. அப்படியே போயிடுச்சு."

அவள் உள்ளே வந்தாள். மேசைமேல் விளக்கடியில் இரண்டு தட்டும் கிடந்தன. சட்டென்று அவள் குரல் மாறியது.

"தெரிஞ்சிடுச்சா உங்களுக்கு?"

"எது?"

"அக்காதானே கீறினா."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் வெளியூர் போயிருந்த அன்றைக்கு பார்சல் வந்திருக்கிறது. புதுப் பெண். புருஷன் மாசக்கணக்காகக் காத்திருக்கிறாரே, அப்படி என்னதான் இருக்கிறது இதில், நமக்கும் பிடித்துப்போனால் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாமே என்று பிரித்து, பிளேயரில் போட்டு, ஊசியை உள் ஓரமாக எங்கேயோ வைத்திருக்கிறாள். அலறல் வந்திருக்கிறது. மெஷின் உடைந்துவிட்டது என்று பயந்து ஊசியை வெடுக்கென்று இழுத்திருக்கிறாள். கோடு விழுந்துவிட்டது. அழுதுகொண்டே பார்சலைத் திரும்ப ஒட்டியிருக்கிறாள்.

"நீங்க திட்டுவீங்கன்னு பயந்துக்கிட்டு நின்னிருக்கா, மாமா. நீங்க என்னடான்னா அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கிட்டு அழுதீங்களாம். 'எப்படிடீ சொல்றது? அவருக்கு அதுதான் பிடிச்சிருக்கு'ம்பா. ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னு கதவுகிட்ட போய் நிப்பாளாம். உங்க மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிடுவாளாம்."

நெஞ்சில் கை. போன். மறுபடி நெஞ்சு.

நான்தாங்க. நான்தான் அது.

ஐயோ, மூணு நாள். மூணு நாள் வீட்டுல உட்கார்ந்து என் மானத்துக்கு அழுதுக்கிட்டிருந்தேனே. கதவையே பாத்துக்கிட்டிருந்தாளாம்.

மார்ச் 29, ஞாயிறு

அவள் காதருகே குனிந்து சொன்னேன். "நீதான்னு தெரிஞ்சிடுச்சு. கோபமே இல்லம்மா. அத்தனை பாட்டுலயும் அதுதான் பாட்டு." உள்ளங்கையில் விரலால் தட்டினேன், ஒரே சீராக, பதினொன்று. அந்தக் கை நெஞ்சுக்குப் போகவில்லை. இன்னொரு முறை தட்டினேன். நர்ஸ் வந்து, "அவங்களுக்கு எதுவும் கேக்காதுங்க" என்றார். கேட்காது என்று எனக்கும் தெரியும். நேரம் முடியும்வரை தட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

காலை ஆறு பத்துக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 13, திங்கள்

வேலைக்குப் போனேன். ஒரு பழுதையும் காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கண்ணாடிக்காரன் வந்தான். சுத்தமான பிரதியை அவனுக்கே கொடுத்துவிட்டேன். கேட்கக்கூட இல்லை அவன்; நானே உறையில் போட்டுக் கையில் திணித்தேன். டிரம்காரருக்கும் எழுதிவிட்டேன்: நீங்கள் சொன்னது சரி, அதை நீங்கள் வாசிக்கவில்லை.

பழைய தட்டை இனிமேல் போடமாட்டேன். ஒவ்வொரு முறை ஊசி போகும்போதும் அந்தக் கோடு கொஞ்சம் தேயும். அது தேய்ந்தால் எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

சாயங்காலம் உறையை மட்டும் எடுத்தேன். கை கழுவவில்லை. லிஃப்ட் சாவிக்கொத்தோடு இருக்கிற பால்பாயிண்ட் பேனாவை எடுத்தேன். தட்டு சேர்க்கிற எவனும் செய்யாத காரியம். கண்ணாடிக்காரன், "டேய், டேய்!" என்று எழுந்தேவிட்டான். பின்பக்கத்தில் அந்த இரண்டு வரிக்குக் கீழே 'கீறல்' என்று போட்டு, ஒரு கோடு இழுத்து, அவள் பெயரை முழுதாக எழுதினேன். அவன் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். மை காயும்வரை ஊதிவிட்டு உறையை அலமாரியில் வைத்தேன்.