நூறு சதவீதத் தேர்ச்சி

அக்கா வீட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவிக்கு,

மூன்று கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. போகட்டும். இன்று பள்ளியில் நடந்ததை யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் நானே எழுதுகிறேன்.

போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலியும் மாணவர் முன்னேற்ற விழாவும் ஒரே மேடையில் நடந்தன. வாடகை நாற்காலியை ஒரு தடவை எடுத்தால் போதுமாம். மாலை போட்ட பதினொரு படங்களை ஓரமாக நகர்த்திவிட்டு எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் மைக்கில், "அரையாண்டுல கணக்குல பதினொரு பேர் ஃபெயில். இப்ப ஒருத்தர்கூட இல்ல. சார் வகுப்பையே தூக்கி நிறுத்திட்டார்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் யாரையும் தூக்கி நிறுத்தவில்லை. அரையாண்டில் தேறாதவர்களைப் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்கள் முன்பும் தேறியவர்கள்தான். எடுப்பார்கள் என்பது திருத்தும்போதே எனக்குத் தெரியும்.

நம் பையன் படம் கடைசியில் இருந்தது. அதிலும் சட்டைப் பொத்தானை மாற்றித்தான் போட்டிருக்கிறான்.

"சொந்தப் பிள்ளைக்கு ரெண்டு மார்க் போட்டிருந்தா உங்க கை உடைஞ்சா போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாய். அவனுடைய விடைத்தாள் என் மேசையில்தான் இருக்கிறது. இன்றும் வீட்டுக்கு வந்ததும் முதல் வரியிலிருந்து திருத்தினேன். எங்காவது விட்டிருப்பேன் என்றுதான் தினமும் தேடுகிறேன். முப்பத்தைந்து வேண்டும், முப்பத்து மூன்றுக்கு மேல் வரவில்லை.

இப்படிக்கு,
கை உடையாத வாத்தியார்