பேக் பர்னர்ல வச்சிருக்கேன்

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம். எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. தண்ணி லாரி இன்றும் வரவில்லை. திருநகர் முழுக்கக் காலிக் குடம்.

அமெரிக்காவிலிருந்து இவர் போன். ஞாயிறு வழக்கம். முதலில் மாமா, அப்புறம் அத்தை, கடைசியில் நான். என் முறை வந்தால் இரண்டு பேரும் எழுந்து போவதில்லை, பேச்சைக் கேட்க டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். சாப்பிட்டீங்களா. ம். அங்க வெயிலா. ம். முடிந்தது.

இன்று மாமாவே என் விசா பற்றிக் கேட்டார். போனை வைத்ததும் ஒப்பித்தார்: "இப்போதைக்கு அதை பேக் பர்னர்ல வச்சிருக்கேன்ப்பான்னான்."

"அப்படின்னா?" அத்தை.

மாமா டிக்‌ஷனரி எடுத்தார். பேக் தனியாக, பர்னர் தனியாகப் பார்த்தார். "பர்னர்னா அடுப்புல எரியுற எடம். நெருப்பு மேல வச்சிருக்கான். வேலை மும்முரமா நடக்குது."

"அடுப்புல ஏத்தியாச்சுன்னா வெந்துரும்ல. ஆடிக்கு முன்னாடி கெளம்பிருவா."

சந்தோஷப்படணும். ஆனால் அந்த 'இப்போதைக்கு' இடிக்கிறது.

மே 5, திங்கள்

அத்தை தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டு சௌராஷ்டிரா அக்கா கையைப் பிடித்து வாழ்த்தினார். காய் வண்டி அண்ணன்: "அங்கிட்டு வெண்டைக்கா கெடைக்குமாம்மா?"

கல்யாணமாகி இவர் கிளம்பி ஒன்றரை வருஷம். 'எப்படியும் போகப்போறவ' என்று ஸ்கூல் வேலையை விடச் சொன்னார்கள். விட்டேன். எப்படியும் போகப்போறவ, பி.எட். எதுக்கு. பேரையூரில் அம்மா வீட்டில் பத்து நாள் தங்கவும் முடியாது, விசா பேப்பர் எந்நேரமும் வரலாமாம்.

இன்று: இட்லிக்கு ஊறப்போட்டது. மாமா சட்டைக்குப் பட்டன். மத்தியானம் படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்தது.

மே 7, புதன்

சிம்மக்கல் கடைத்தெரு. வருஷத்துக்குப் புளி, மல்லி வாங்க. அத்தைக்கு முட்டி வலி, அதனால் நான் தனியாக. டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட். அதுவே பெரிசு.

புளிக்கடை வாசலில் ஜெசிந்தா. பழைய ஸ்கூலில் நான் கணக்கு, அவள் இங்கிலீஷ். இப்போது திருமங்கலத்தில் வேறு ஸ்கூலில் இருக்கிறாள். ரோஸ்மில்க் குடித்தோம். ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டதாகச் சொல்லி, அந்த வார்த்தையைக் கேட்டேன்.

"அந்த ஊர் அடுப்புல நாலு பர்னர்டி. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. இப்பவே ஆக வேண்டியதை முன்னால வைப்பாங்க. அப்புறம் பாத்துக்கலாம்ங்கறதை பின்னால தள்ளிருவாங்க. ஒத்திப்போடுறதுன்னு அர்த்தம்."

"அப்புறம் எடுப்பாங்களா?"

"எடுத்தா எடுப்பாங்க. மறந்தாலும் மறந்துருவாங்க." என்னையே பார்த்தாள். "நீதான் வேலைய விட்டுட்டியே. எந்தப் பிள்ளை கேட்டுச்சு?"

டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தேன். அவளும் தோண்டவில்லை. கிளம்பும்போது, அவள் ஸ்கூலில் கணக்கு டீச்சர் நின்றுவிட்டார், ஆள் தேடுகிறார்கள் என்றாள்.

மல்லி வாங்க மறந்துபோச்சு. திட்டு.

மே 8, வியாழன்

அத்தை மாங்காய் நறுக்கிவிட்டார். ஊறுகாய், நான் கொண்டுபோக. உப்புப் போட்டுக் குலுக்கினது நானே. சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், எம் பிள்ளையைச் சந்தேகப்படுறியா என்பார். இவரிடம் தனியாகப் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போகலாம். எதுக்கு என்று கேட்பார்கள்.

தலைவலி.

மே 11, ஞாயிறு

போன். இரண்டு பேரும் சோபாவில். நான் சொன்னது இவ்வளவுதான்: "போன வாரம் மாமாட்ட ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னீங்கள்ல. அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அத்தை பெருமையாக மாமாவைப் பார்த்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக: "ஆபீஸ்ல பாதிப் பேரை வேலைய விட்டு அனுப்பிட்டாங்க செல்வி. அடுத்து நானான்னு தெரியல. இந்த நெலமையில உன்னைக் கூப்பிட்டு என்ன செய்ய? அப்பாட்ட தமிழ்ல சொல்ல முடியல."

"ம்."

"அவங்ககிட்ட சொல்லிராத."

"எம்புட்டு நாளு?"

"தெரியல."

"சரி. உடம்பப் பாத்துக்கங்க."

வைத்ததும் மாமா: "என்னம்மா, எம்புட்டு நாளாகுமாம்?"

"தெரியலையாம் மாமா."

பாவமாக இருந்தது. கோபமாகவும். தமிழில் சொல்லியிருந்தால் மூன்று நாளாக ஊறுகாய் குலுக்கியிருக்க மாட்டேன். இப்போது இவர் பூட்டிய பூட்டுக்கு நானும் காவல்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழலாமென்றால் குழாயில் தண்ணி இல்லை.

மே 13, செவ்வாய்

ஜெசிந்தாவைப் பார்த்துவிட்டு வாரேன் என்று சொல்லி திருமங்கலத்தில் அவள் ஸ்கூலுக்குப் போனேன். பொய்யில்லை, அவளும் இருந்தாள். எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று போர்டில் போடச் சொன்னார்கள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன், அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

கரஸ்பாண்டன்ட் அம்மா: "வீட்டுக்காரர் வெளிநாடாமே. நடு வருஷத்துல விட்டுட்டுப் போயிர மாட்டீங்களே?"

மாட்டேன் என்றேன். சட்டென்று வந்துவிட்டது.

பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ், நாளையிலிருந்தே வரணும்.

சாயங்காலம் சொல்லிவிட்டேன். மாமா பேப்பரை மடித்தார். "போகப்போற பிள்ளைக்கு எதுக்கும்மா வேலை?"

"இப்ப போகல மாமா. அந்த வார்த்தைக்கு ஒத்திப்போட்டாச்சுன்னு அர்த்தம்."

வார்த்தையை மட்டும்தான் சொன்னேன். ஆபீஸ் விஷயம் சொல்லவில்லை. மாமா மறுபடி டிக்‌ஷனரி எடுத்தார். "இதுல அப்படிப் போடலையே." திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அத்தைதான்: "ஏன் ஒத்திப்போட்டானாம்?"

"அவரைத்தான் கேக்கணும் அத்தை."

மாமா டிக்‌ஷனரியை மூடினார். "ஞாயித்துக்கெழம கூப்பிடுவான். நீ வேலைக்குப் போறதை என்னன்னு சொல்ல?"

"போறேன்னு சொல்லுங்க. மேல கேட்டா போனை எங்கிட்ட குடுத்துட்டு, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க மாமா."

அத்தை எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினார்.