குதிறை

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் சுகம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

கூடத்துச் சுவரில் ஈரம் இறங்கி, அங்கே மாட்டியிருந்த குதிரைப் படத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. பழைய ஓவியங்களைச் சீர்செய்பவரிடம் இருவரும் கொண்டுபோனோம். அவர் வெள்ளைத் துணி விரித்து, சட்டத்தின் ஆணிகளை மெதுவாகப் பிடுங்கினார். பின்னட்டை சருகாக நொறுங்கியது. தாள் தப்பித்தது, மைக்கோடுகளும் கலையவில்லை. தேர்ந்த கை வரைந்தது, நல்ல விலை போகும் என்றார்.

முன்பக்கத்து ஓர அட்டையை எடுத்ததும் சிரித்துவிட்டார். குதிரையின் காலடியில் பென்சிலில், கொட்டை எழுத்தில், ‘குதிறை’. உன் ஐந்து வயதுக் கைவண்ணம். “பிழை திருத்துறவன் வீட்லயே பிழையான்னு வர்றவங்க சிரிப்பாங்க” என்று அப்பா அன்றைக்கு அட்டை வைத்து மறைத்தாரே, நான் மறந்தே போயிருந்தேன்.

அதை அழித்தால்தான் அந்த விலை, ரப்பரிலேயே போய்விடும் என்றார் அவர். அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்தார். “எழுதினவங்களைக் கேக்காம திருத்துற வழக்கம் எனக்கில்லீங்க. கேட்டுச் சொல்றேன்” என்றார். ரசீது ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொண்டார், அச்சகத்தில் எழுதினவரைக் கேட்க வேண்டிய இடத்தில் போடுவதுபோலவே. உன் கல்யாணத்தைப் பிழை என்று சொன்ன அன்றைக்கு அவர் யாரையும் கேட்கவில்லை.

இன்னும் உன்னைக் கேட்கவில்லை. தொலைபேசிப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கிறார். ஏன் இங்கே என்றால், இங்கேதான் வெளிச்சம் என்கிறார். அந்த மூலையில் ஜன்னலே கிடையாது.

அவர் தொண்டையில் இருக்கும் கட்டியை மாதக் கடைசியில் எடுக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை, குரலுக்குத்தான் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். நேற்று அவரே, “உன்கிட்ட சொன்னதை டாக்டர் என்கிட்டயும் சொல்லிட்டாரு. நீ சும்மா நடிக்காதே” என்றார். நானே உன்னைக் கூப்பிடலாம். ஆனால் நீ கேட்க வேண்டியது என் குரல் இல்லை.

அழிக்கலாமா வேண்டாமா என்று எனக்கு எழுதாதே. அவரைக் கூப்பிட்டுச் சொல். எதைச் சொன்னாலும் சரி. அவர் வாய் திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை போனை வைத்துவிடாதே, கண்ணு.

இருவரும் நன்றாக இருங்கள்.

அம்மா