கேஸ் இல்லை நைனா, கல்லு

என் தங்க நைனாவுக்கு,

ஒரு சேதி சொல்ல வேண்டும். சொன்னதும் பதறாதே. உன் மகள் வயிற்றில் கல் இருக்கிறது. கிட்னியில் இல்லை, பித்தப்பையில். ஈரலுக்கு அடியில் சின்னப் பை ஒன்று இருக்கிறதாம். ஈரல் சுரக்கிற பித்தத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நாம் எண்ணெய், கறி என்று தின்னும்போது பிழிந்து கொடுக்குமாம். இத்தனை வருஷமாக எனக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது, எனக்கு அறிமுகமே இல்லை பார்.

கண்டுபிடித்த கதையைக் கேள். நம்ம சடையங்குப்பத்தில் கேஸ் என்றால் எத்தனை அர்த்தம் என்று உனக்குத் தெரியும். போன மாதம் பக்கத்துத் தெரு வளைகாப்பில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். எதிர்வீட்டு கஸ்தூரி ஓடி வந்து, "இன்னாச்சுக்கா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. "கேஸு... கேஸு..." என்றேன்.

அவ்வளவுதான். "ஐயோ, கம்பெனில கேஸு வுட்டுட்டானுங்க! அக்கா வாந்தி எடுத்துகினு கீது, புள்ளைங்கள உள்ள இஸ்துக்கோங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. மணலி கெமிக்கல் கம்பெனிக் காற்றைச் சுவாசிக்கிறவர்கள் வேறு எதை நினைப்பார்கள்? அவள் புருஷன் மட்டும் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, என்னைத் தன் ஆட்டோவில் ஏற்றி டோல்கேட் பக்கம் ஒரு கிளினிக்கில் இறக்கினான். வழியெல்லாம் துண்டை அவிழ்க்கவே இல்லை. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அங்கே இருந்த டாக்டரம்மாவிடமும் "கேஸு" என்றேன்.

"எந்த கேஸ்? கம்பெனி கேஸா, வயித்து கேஸா?"

"வயித்து கேஸுதாம்மா."

"அத நான் சொல்றேன். நீ வலிக்கிற எடத்த மட்டும் காட்டு."

விலாவுக்கு அடியில் விரலை வைத்து அழுத்தி, மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார். பாதி மூச்சிலேயே நின்றுவிட்டேன். "வலது தோளுக்குப் பின்னாடியும் வலிக்குதா?" என்று கேட்டார் பார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தோளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே! வயிற்றுக்குள் இருக்கிற பைக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன். இரண்டுக்கும் நரம்புப் பாதை ஒரே இடத்தில் போய்ச் சேருகிறதாம், அதனால் மூளை ஏமாந்துபோய் தோள் வலிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறதாம்.

நைனா, உனக்கும் அங்கேதானே வலிக்கும்? ஹார்பரில் மூட்டை தூக்கின தோள், சுளுக்குதான் என்று நீயும் சொன்னாய், நாங்களும் நம்பினோம். எண்ணெய் போட்டு வழித்துக்கொண்டு வருவாய். ஞாயிற்றுக்கிழமை கறிச்சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் ஒரு சுளுக்கு எப்படிப் பிடிக்கும்? மூட்டை தூக்குகிற நாளில் பிடிக்காமல் லீவு நாளில் ஏன் பிடிக்க வேண்டும்?

மறுநாள் வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பச் சொன்னேன். "பாத்து இன்னா பண்ணப்போற?" என்றாள் ஸ்கேன் எடுத்த பெண். "என் வயிறுதானம்மா, நான் பாக்கக் கூடாதா?" என்றேன். கறுப்பாக ஒரு பை. அதற்குள் வெள்ளையாகக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிழல். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். படுத்தேன். கற்கள் உருண்டு இடம் மாறின! பயம் எல்லாம் எங்கே போனதோ, இன்னொரு தடவை புரண்டு படுக்கட்டுமா என்று கேட்டேன். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று துரத்திவிட்டாள்.

ரிப்போர்ட்டைக் காட்டப் போனபோது அம்மாவும் வந்தாள். சின்னச் சின்னத் துளை போட்டு, பையையே எடுத்துவிடுவார்களாம். அம்மா மிரண்டுபோய், "பித்தப்பைய எடுத்துட்டா என் பொண்ணுக்குப் பித்து புடிச்சிக்காதா?" என்றாள். டாக்டரம்மா சிரிக்காமல் பதில் சொன்னார். பித்தம் ஈரலில்தான் சுரக்கிறது, பை இல்லாவிட்டால் நேராகக் குடலுக்குப் போய்விடுமாம்.

அப்போதுதான் உன்னைப் பற்றிக் கேட்டேன். அந்த வலி, கடைசியில் வந்த குளிர் ஜுரம், மஞ்சளாகிப்போன கண், நாங்கள் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நீ போய்விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். "கல்லு நழுவிக் குழாய அடச்சிருக்கலாம். ஆனா பாக்காம நான் உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் மனசில் ஓடியது எனக்குத் தெரியும். உன் சாவு வீட்டில், அத்தனை பேர் நடுவில், உன் தங்கச்சி, அதான் என் அத்தை, மார்பில் அடித்துக்கொண்டு கத்தினதை நீ கேட்டாயா? "இவ ஆக்கிப் போட்ட கறிக்கொழம்புதான் என் அண்ணன தின்னுட்ச்சு!" அன்றையிலிருந்து அம்மா கறிக்குழம்பு வைப்பதில்லை நைனா. உனக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டிய படையலில் கூட அது மட்டும் கிடையாது. இட்லியும் வடையும் வைத்துவிட்டு இலையை ஒரு பார்வை பார்ப்பாள்.

"கறிக்கொழம்பு ஆக்கிப் போட்டா சாவாங்களாம்மா?" என்று கேட்டாள். அப்படி ஒரு சின்னக் குரல் அம்மாவுக்கு உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"கல்லு இருந்தா, கொழுப்பா சாப்ட்டா வலி கெளம்பும். யார் வீட்டுல சாப்ட்டாலும் கெளம்பும். உங்க பொண்ணு எங்க சாப்ட்டு வந்தா?" என்றார் டாக்டரம்மா.

அம்மா படி இறங்கி ரோட்டுக்கு வந்ததும், லாரி போகிற சத்தத்தில், "பாவி மனுசா, ஒரு தபா ஒரு டாக்டராண்ட காட்டியிருக்கலாமேய்யா" என்று உன்னைத் திட்டித் திட்டி அழுதாள். உன்னை இத்தனை உரிமையாக அவள் திட்டிப் பல வருஷம் ஆகிறது. நானும் சேர்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன். பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்த கல்லைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் வீட்டுக்கு வரமாட்டேன்.

அப்புறம் உன் நினைவு நாள். அத்தை வருவாள். படித்த டாக்டரம்மாவே 'இருக்கலாம்' என்று நிறுத்திக்கொண்டார், நீ மட்டும் எந்த ஸ்கேனைப் பார்த்து 'கொழம்புதான்' என்றாய் அத்தை என்று கூட்டத்தின் நடுவில் வைத்துக் கேட்கப்போகிறேன். இது சத்தியம். அம்மா இப்போதே எந்தக் கடையில் கறி வாங்குவது என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். இந்த வருஷம் உன் இலையில் கறிக்குழம்பு இருக்கும். பயப்படாமல் சாப்பிடு நைனா. இனிமேல் உனக்கு வலிக்காது.

உன் வாயாடிப் பொண்ணு,
செல்வி