மாட்டுங்கா என்றால் இறுக்கு, கல்யாண் என்றால் இளக்கு

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் மானம் போய்விட்டது, கேட்டீரா. காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தது. பாடுகிற மாதிரி வாயை அசைத்துக்கொண்டே சட்டைப் பையில் கையை விட்டு, அகப்பட்டதை எடுத்துப் போட்டேன். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது கோயில்பிள்ளை பின்னாலேயே வந்து, எல்லாரும் பார்க்க உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு பித்தளை ஜெட், கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற அந்தப் பொடித் துளைத் திருகு.

"அண்ணாச்சி, ஆண்டவரு காரு எதும் வச்சிருக்காரா என்ன?" என்றார்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. என் வீட்டுக்காரி என்னை விட்டு முன்னால் நடந்தாள். என் மகள் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையைப் போல அம்மாவுடன் சேர்ந்துகொண்டாள். நான் மட்டும் பின்னால் நின்று அந்த ஜெட்டை மூக்கில் வைத்துப் பார்த்தேன். பெட்ரோல் வாசனை இன்னும் போகவில்லை. என் விரலின் வாசனையாகவும் இருக்கலாம். எப்படியோ, உம்முடைய ஞாபகம் வந்துவிட்டது. எட்டாவதோடு நின்றவன் எழுதுகிற மடல் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். திருத்தித்தர இப்போது நீர் இல்லை.

அது செம்பூர் சாருடைய கார் ஜெட். உமக்குத் தெரியாததா?

அப்போது நமக்கு ஒர்க்ஷாப் என்று எதுவும் கிடையாது. தாராவியில் ரோட்டோரம் ஒரு சாக்கை விரித்தால் அதுதான் ஒர்க்ஷாப். முனிசிபாலிட்டி லாரி வருகிறது என்று யாராவது கத்தினால், கழற்றிப் போட்ட கார்பரேட்டரைச் சாக்கோடு வாரிக்கொண்டு சந்துக்குள் ஓடுவோம். திரும்பி வந்து பார்த்தால் ஒரு ஸ்பிரிங் குறையும். அதைத் தேடுவதிலேயே பகல் போய்விடும். நம்மிடம் வருகிறவர்களோ பெரும்பாலும் டாக்ஸிக்காரர்கள். மீட்டர் ஓடாத நேரத்தையெல்லாம் நம் தலையில் கட்டுவார்கள்.

இறுக்கு, இளக்கு என்ற இரண்டு வார்த்தையால் நாம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர். நான் முன்னால் பானெட்டுக்குள் ஸ்குரூடிரைவரோடு குனிந்திருப்பேன். நீர் பின்னால் புகைக்குழாய் பக்கம் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுச் சொல்வீர். கார்பரேட்டர் ஊசியை இறுக்கினால் பெட்ரோல் குறையும், இளக்கினால் கூடும், வித்தை அவ்வளவுதான். ஆனால் இன்ஜின் சத்தத்தில் நீர் சொல்வது இறுக்கா இளக்கா என்று எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. ஒரு டாக்ஸியில் நீர் இளக்கு இளக்கு என்று கத்த, நான் இறுக்கி இறுக்கி ஊசி முனையையே மழுக்கிவிட்டேன். பாடகர் குழுவிலிருந்து பாதிரியாரே கையைப் பிடித்து இறக்கிவிட்ட காது அல்லவா இது.

அன்றைக்குத்தான் நீர் சட்டம் போட்டீர். "இனிமே அந்த ரெண்டு வார்த்தையும் நம்ம வாயில வரப்பிடாதுவே. மாட்டுங்கா கிட்ட இருக்கு, மாட்டுங்கான்னா இறுக்கும். கல்யாண் தூரத்துல இருக்கு, கல்யாண்னா இளக்கும்."

செம்பூர் சார் வீட்டு வாசலில் அதனால் ஒரு கூத்து. முப்பதுகளில் சீமையிலிருந்து கப்பலில் வந்த அந்தக் கார், சாருடைய மாமனார் விட்டுப்போனது. நான் இறுக்கியது கூடிப்போய், நீர் பின்னாலிருந்து "கல்யாண், இன்னுங் கொஞ்சம் கல்யாண்" என்று கத்த, உள்ளே பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த மாமி கரண்டியோடு ஓடி வந்து, "யாருக்குன்னா கல்யாணம்?" என்றாள். சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கார்பரேட்டருக்கு" என்றார்.

காரோ கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. நமக்கு முன்னால் பார்த்த எவனோ ஜெட்டின் துளையில் கம்பியை விட்டுக் குத்திக் குத்தி அகலமாக்கிவிட்டிருந்தான். ஜெட்டை ஊத வேண்டும், குத்தக்கூடாது என்பீர். ஜெட்டைக் கழற்றியவுடனே வாயில் வைத்து ஊதிப் பார்த்து முகத்தைச் சுளித்தீர். வேறு ஜெட்டுக்கு எங்கே போவது? சாருக்கும் அலுத்துவிட்டது. நம் இருவரையும் நிற்கவைத்து ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்.

"நிக்காம கண்டாலா மலை ஏறட்டும், காரையும் வச்சுக்கறேன், பின்னாடி இருக்கற ஷெட்டையும் உங்களுக்கே விட்டுடறேன். ஏறலேன்னா காரை வித்துடுவேன். ஷெட்டைக் கேட்டுண்டு ஒருத்தன் நடையா நடக்கறான்."

கூரை போட்ட இடம். லாரியைக் கண்டு ஓடவேண்டாத இடம். உமக்கும் எனக்கும் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. துளையை ஈயம் காய்ச்சி அடைத்தோம். வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் இரவல் வாங்கிய மெல்லிய துளையூசியைக் கையால் உருட்டி உருட்டிப் புதுத் துளை போட்டோம். கோணலாகப் போனால் மறுபடி ஈயம், மறுபடி துளை. பெட்ரோலில் மிதக்கிற ஃப்ளோட்டை வெந்நீரில் முக்கினால் முட்டை முட்டையாகக் காற்று வந்தது, அந்த ஓட்டையையும் ஈயத்தால் அடைத்தோம். போதும், விட்டுவிடுவோம் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் நீர் பெட்ரோலை விட்டுத் தள்ளிப் போய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றீர். அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தீர்.

அந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். பாங்கு சத்தம் கேட்டதும் கையில் இருப்பதை வைத்துவிட்டுத் தொழுகைக்கு எழுந்திரிக்கிற ஆள் நீர். இப்போது பாங்கு சொல்லி முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்து, "பாங்கு சொல்லியாச்சாவே?" என்று கேட்க ஆரம்பித்திருந்தீர். நான் பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தீர். புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து காது போய்க்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு டியூன் பண்ணுகிறவருக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தால் எந்த டாக்ஸிக்காரன் வருவான்? நான் வீட்டுக்காரியிடம்கூட மூச்சு விடவில்லை. கொஞ்சம் உரக்கப் பேசப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். அவள் என்னைத்தான் செவிடன் என்று நினைத்தாள்.

கண்டாலாவுக்கு சார் ஓட்ட, மாமி தயிர்சாதத் தூக்கோடு முன்னால். நாம் இருவரும் பின்னால், கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. கல்யாண் ரோடு பிரிகிற இடத்தைத் தாண்டியபோது என் விலாவில் இடித்துச் சிரித்தீர். மலை தொடங்கி இரண்டு வளைவு ஒழுங்காக ஏறிற்று. மூன்றாவதில் கார் திணறியது. சார் ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல் ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்துக்கொண்டு, "நின்னா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். இன்னும் நிக்கலை, பாருங்கோ" என்றார்.

நீர் பின்னால் ஓடினீர். நான் பானெட்டைத் திறந்தேன். கார்பரேட்டர் வாய் வழியாக உள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது. பிறகு இன்னொன்று. பெட்ரோல் பற்றாமல்தான் அப்படித் தும்மும். நாம் போட்ட துளை ஒரு மயிரிழை சின்னதாகிவிட்டது. எனக்கே, இந்தக் காதுக்கே, கேட்டது.

பின்னால் நீர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தீர். விரல் கறுப்பு. அது பழைய கரி. உமக்குத் தும்மல் கேட்கவில்லை, கரிதான் தெரிந்தது. பெட்ரோல் கூடிப்போயிற்று என்று எண்ணி, "மாட்டுங்கா! மாட்டுங்காவே!" என்றீர்.

ஸ்குரூடிரைவரை வைத்துக்கொண்டு நான் நின்றேன். உம்முடைய சொல்லை மீறி ஒருநாளும் திருகியதில்லை. ஷெட் போனால் உமக்கும்தான் போகும். திருகினேன். கார் இன்னொரு முறை தும்மிற்று, நிற்கப் பார்த்தது, பிறகு பிடித்துக்கொண்டது. நீர் உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்துத் துடிப்பைப் பார்த்துவிட்டு, "ஆங், அதாம்வே" என்றீர்.

மலை ஏறினோம். உச்சியில் சார் இறங்கி உம் முதுகில் தட்டி, "உங்க காது காது" என்றார். நானும் ஆமாம் என்றேன். நீர் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தீர்.

அதற்குப் பிறகு ஷெட்டில் வேலை பார்த்த நாளெல்லாம் நீர் காதை நீட்டவில்லை. உள்ளங்கையைத்தான் குழாயில் வைத்தீர். மாட்டுங்கா என்று சொல்லுமுன் ஒருதரம் எட்டி என் முகத்தைப் பார்ப்பீர். பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் அந்தக் காருக்கு நல்ல ஜெட் கிடைத்ததும் பழையதைக் கழற்றி, துடைத்து, என் சட்டைப் பையில் போட்டீர். "வச்சுக்கிடும். இது ஒம்ம ஜெட்டுவே."

இந்த மழைக்காலத்தில் நீர் போய்விட்டீர். உம் இடத்தில் யாரையும் நான் நிறுத்தவில்லை. ஊசியைத் திருகிவிட்டுப் பின்னால் ஓடி, குழாயில் கையை வைத்துப் பார்த்து, மறுபடி முன்னால் ஓடி வருகிறேன். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்குதான். ஆனால் ஷெட்டை விடுவதாக இல்லை. நாளைக்கும் ஒரு பழைய வண்டி வருகிறது. ஜெட் மறுபடி பையில்தான் இருக்கிறது. காணிக்கைக் காசை மட்டும் இனி வேறு பையில் வைப்பேன்.

ஜெட்டை என் பையில் போட்டபோது ஒரு பதில் தொண்டை வரை வந்தது. எதிரில் நீர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதால் மூடிக்கொண்டேன். இதுதான் அது: அன்றைக்கு மலையில் நீர் மாட்டுங்கா என்றீர், நான் கல்யாண் போனேன்வே.